பாவை சிரிக்கும் மலை

கொல்லிமலைக்குப் போகலாம் வா என்று யாராவது உங்களை அழைத்தால், சகோதரிகளே, தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் கோழி கூவுமுன் புறப்படுங்கள். தீபாவளிப் பலகாரத்தில் மிஞ்சியதையெல்லாம் டப்பாவில் அடைத்து, புளிசாதத்துக்குத் தாளித்துக் கொட்டி, தலையில் பூவும் வைத்துக்கொண்டு ஆறரை மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பினோமே, அந்த மாதிரிக் கிளம்பாதீர்கள். ஐப்பசி மாதத்தில் அந்த மலையின் பிற்பகல் நம்முடையதல்ல. பின் யாருடையது என்கிறீர்களா? அதைச் சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறேன்!

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் அக்காள் மகள். சென்னையில் கல்லூரியில் படிக்கிறவள். விடுமுறைக்குக் கோயமுத்தூருக்கு என் வீட்டுக்கு வந்திருந்தாள். வந்த நாளிலிருந்து ராத்திரி விளக்கை அணைக்க விடமாட்டேன் என்றாள். "ஏன் கண்ணு, உடம்புக்கு என்ன?" என்று கேட்டால் பதில் இல்லை. தலையணைக்கு அடியில் பார்த்தால் ஓர் இங்கிலீஷ் கதைப் புத்தகம்! ஆல்ஜெர்னான் பிளாக்வுட் என்பவர் எழுதி 1910-ஆம் ஆண்டில் வெளிவந்த 'வெண்டிகோ' என்ற கதை அதில் இருந்தது.

கதை நடக்கிற இடம் கனடா தேசத்தின் வடகாடு. மனித வாசனையே படாத மரக்கூட்டம். வேட்டைக்குப் போகிறார்கள் சிலர். துணைக்கு, காடு தெரிந்த ஒரு வழிகாட்டி. நடு இரவில் கூடாரத்துக்கு வெளியே ஏதோ ஒன்று அந்த வழிகாட்டியின் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. அவன் எழுந்து ஓடுகிறான். விடிந்ததும் பனியில் அடித்தடத்தைப் பார்த்துக்கொண்டு தேடிப் போகிறார்கள். ஒரு பெரிய பிராணியின் தடம். பக்கத்திலேயே அவனுடைய தடம். போகப் போக ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் உள்ள தூரம் அதிகமாகிறது. மனிதன் தாண்டக்கூடிய தூரமல்ல அது. அப்புறம் தடமே இல்லை. குரல் மட்டும் ஆகாயத்திலிருந்து வருகிறது!

படித்தபோது எனக்கும் முதுகில் சில்லென்றுதான் இருந்தது. வெண்டிகோவை பிளாக்வுட் தாமாகக் கற்பித்துவிடவில்லை. ஓஜிப்வே, கிரீ முதலிய அந்த நாட்டுப் பூர்வகுடிகள், பனிக்காலத்துப் பட்டினியின் கொடுமையை நினைத்துத் தங்கள் குழந்தைகளுக்குச் சொல்லி வந்த நரமாமிசப் பேய் அது. பிளாக்வுட்டை வெகுவாகக் கொண்டாடியவர் லவ்கிராஃப்ட் என்ற அமெரிக்கர், 1937-இல் காலமானவர். அவர் இந்தப் பயத்தை இன்னும் ஒரு படி மேலே கொண்டு போனார். இந்தப் பிரபஞ்சத்துக்கு மனிதன் ஒரு பொருட்டே இல்லை. நமக்கு யுகம் யுகமாக முன்னாலேயே இருந்த ஏதோ ஒன்று, நம்மைக் கவனிக்காமலே நம்மை மிதித்துவிட்டுப் போகும் என்பதுதான் அவருடைய கதைகளின் சாரம். பகைவன் என்றால் காலில் விழலாம். கவனிக்கவே கவனிக்காதவன் காலில் எப்படி விழுவது?

"நம்ம ஊர்ப் பேயெல்லாம் என்ன சித்தி? புளியமரம், மல்லிகைப்பூ, கொலுசுச் சத்தம். இந்த மாதிரி ஒரு மலையே பயமாக இருக்கிற கதை நம்மிடம் கிடையாது" என்றாள் அந்தப் பெண்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. "கிடையாதா? நாளைக்கே காட்டுகிறேன் வா" என்று சொல்லி, வாடகைக் காருக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். செலவு எவ்வளவு என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையைப் படித்துத் தெரிந்துகொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

கொங்கு நாட்டுக்கு மேற்கெல்லை வெள்ளியங்கிரி, கிழக்கெல்லை குளித்தலை என்பது பழைய பாட்டுக் கணக்கு. வெள்ளியங்கிரி மலைத் தொடர் எங்கள் மொட்டை மாடியிலிருந்தே தெரியும். நாங்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே போனோம். அவிநாசி, பெருந்துறை, ஈரோடு, திருச்செங்கோடு, நாமக்கல். நூற்றைம்பது கிலோமீட்டர் இருக்கும். வழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எல்லாம் நீங்கள் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போய் வந்த ஊர்கள்தான். நாமக்கல்லில் ஆஞ்சநேயரை அவசரமாகச் சேவித்துவிட்டு, சேந்தமங்கலம் தாண்டினோம்.

அங்கேதான் மலை எதிரே வந்து நின்றது. மற்ற மலைகள் மெதுவாகத் தலை தூக்கும். குன்று, கரடு என்று முன்னறிவிப்புக் கொடுக்கும். இது சமவெளியிலிருந்து சுவர் எழுப்பியதுபோல நேரே எழும்பி நிற்கிறது. மேலே 1000 முதல் 1300 மீட்டர் வரை உயரம். கோயமுத்தூரிலிருந்து போகிற நமக்குத் தெரிவது அதன் மேற்குப் பக்கம். 'குடவரை' என்று சங்கப் புலவர்கள் சொன்ன பக்கம் இதுதான். பாவை இருந்ததாக அவர்கள் பாடியதும் இந்தப் பக்கத்திலேதான். ஆகவே நம்மைப் பார்த்துக்கொண்டுதான் அவள் நின்றிருக்க வேண்டும்.

யார் அந்தப் பாவை? பிற்காலத்தார் சொல்லும் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கொல்லிமலையில் முனிவர்கள் தவம் செய்தார்களாம். அரக்கர்கள் வந்து இம்சை பண்ணினார்களாம். தேவதச்சனைக் கொண்டு ஓர் அழகான பெண் பதுமையைச் செய்து, அரக்கர் வருகிற வழியில் நிறுத்தினார்களாம். அரக்கனின் வாடை காற்றில் வந்ததும் பதுமை சிரிக்கும். அந்தச் சிரிப்பில் மயங்கி அவன் கிட்டே வருவான். அவ்வளவுதான், அவன் கதை முடிந்தது. கத்தியில்லை, சூலமில்லை. ஒரு சிரிப்பு! கார்மேகக் கவிஞர் பாடிய கொங்கு மண்டல சதகம் இந்தப் பாவையைக் கொங்கு நாட்டுப் பெருமைகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. கொலை செய்கிற பதுமையை ஊர்ப் பெருமையில் சேர்க்க நம்மவர்களுக்குத்தான் மனம் வரும்.

காரவள்ளியில் மலைப்பாதை ஆரம்பமாகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள்! ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. இருபதாவது வளைவில் தலை சுற்றி உட்கார்ந்திருப்பவளுக்கு இன்னும் ஐம்பது பாக்கி என்று தெரிவதால் என்ன ஆறுதல்? டிரைவர் ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டி, "முகர்ந்துட்டே இருங்கம்மா, கீழே மட்டும் பார்க்காதீங்க" என்றார். உடனே கீழே பார்த்தேன். நாமக்கல் வட்டாரம் முழுவதும் ஜமக்காளத்தை விரித்தாற்போலக் கிடந்தது.

கொல்லி என்ற பேருக்குக் காரணமே கொல்லுகிற மலை என்பதுதான் என்பார்கள். மலேரியா என்கிற மலைக் காய்ச்சலும் இதற்குத் துணை செய்திருக்கும். அந்த நாளில் இந்த மலைக்குப் போகிறவனைக் கீழ்நாட்டார் திரும்பி வந்தால்தான் நிச்சயம் என்று வழியனுப்பினார்கள். மலைமேல் குடியிருக்கிறவர்களை மலையாளிகள் என்பது வழக்கம். கேரளத்தார் என்று நினைத்துவிடாதீர்கள். மலையை ஆளுகிறவர்கள், அவ்வளவுதான். பேசுவது தமிழ். தங்கள் முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

செம்மேட்டில் இறங்கியதும் குதிரைமேல் வில்லோடு வரவேற்கிறார் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவர். ஒரே அம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தார் என்று புறநானூற்றில் வருகிறதே, அவர்தான். அப்படிப்பட்டவரை மலையமான் திருமுடிக்காரி கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான். ஆடி மாதம் 17, 18 தேதிகளில் ஓரிக்கு இங்கே விழா எடுக்கிறார்கள். மன்னர்கள் கைமாறினார்கள். பாவை மட்டும் யார் கைக்கும் போனதாகத் தெரியவில்லை.

கடையோரத்தில் மிளகு, காப்பிக்கொட்டை, அன்னாசி, மலைவாழை எல்லாம் கிடைக்கின்றன. பலாப்பழத்துக்கும் இந்த மலை பேர் போனது. இதைக் கவனியுங்கள்: நற்றிணையில் பரணர் பாவையைப் பாடும் இடத்தில், முதலில் கொல்லிமலைப் பலாமரத்தைத்தான் சொல்கிறார்! இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய புலவர் பார்த்துவிட்டுப் போன பலாவின் வம்சத்தை இன்று சோளக்காட்டுச் சந்தையில் விலை பேசி வாங்கலாம்.

அந்தப் பாட்டின் கருத்தைக் காரில் வரும்போதே பெண்ணுக்குச் சொன்னேன். காற்று வந்து மோதட்டும், மழை வேகமாய் அடிக்கட்டும், இடி விழட்டும், பூமியே அதிர்ந்து புரளட்டும். அந்தப் பாவையின் அழகு ஒரு துளியும் மாறாது என்கிறார் பரணர். யோசித்துப் பாருங்கள். மனிதர்களுக்காக வருத்தப்படாமல், சந்தோஷப்படாமல், தன்பாட்டுக்கு நிற்கிற ஓர் உருவம். பதுமையைச் செய்தவர் யார் என்பதிலும் புலவர்களுக்குள் ஒரே பேச்சில்லை. ஒருவர் தெய்வம் எழுதியது என்கிறார். இன்னொருவர் பூதம் அமைத்தது என்கிறார்.

"லவ்கிராஃப்ட் மாதிரியே இருக்கிறதே!" என்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இரு. பரணர் இதை எதற்குச் சொன்னார் தெரியுமா? பயமுறுத்துவதற்காக இல்லை. ஒரு காதலன், தன் மனத்தை விட்டுப் போகாத பெண்ணை நினைத்துக்கொண்டு, 'அந்தப் பாவையைப் போல இவளும் என் நெஞ்சை விட்டு நகரமாட்டாள்' என்கிறான்."

குறுந்தொகையில் அதே பரணர் பாடிய இன்னொரு பாட்டு எனக்கு இதைவிடப் பிடிக்கும். அதில் கொல்லியை, அச்சம் முதிர்ந்து பழுத்த மலை என்ற பொருளில் சொல்கிறார். எங்கே சொல்கிறார்? உரலடியில்! ஒரு சின்னப் பெண் பாட்டுப் பாடிக்கொண்டே உலக்கை போடுகிறாள். அவளுடைய சாயலுக்குத்தான் கொல்லிப்பாவையை உவமை சொல்கிறாள் தோழி. ஊர் வம்பு, உலக்கைச் சத்தம், நடுவே அந்தப் பயங்கரம். கனடாக் காட்டுப் பேய்க்கு முகமே இல்லை. நம்முடையதற்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் முகம். இரண்டில் எது அதிக பயம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்று மலையில் எட்டுக்கை அம்மனைத்தான் கொல்லிப்பாவை என்கிறார்கள். கோயிலுக்குப் போனோம். மஞ்சள், குங்குமம், எலுமிச்சை, விளக்கு. நம் ஊர் மாரியம்மன் சந்நிதியில் நிற்பதைப் போலவே இருந்தது. பயப்படுவதற்குத் தயாராக வந்த பெண்ணுக்கு ஏமாற்றம்தான். அங்கே பூ விற்றுக்கொண்டிருந்த பாட்டியம்மாளிடம், "அம்மன் இன்னும் சிரிக்கிறதா பாட்டி?" என்று கேட்டாள்.

பாட்டி பூவை முழம் போட்டுக்கொண்டே, "சிரிக்காம என்னங் அம்மிணி? நல்லவங்க வந்தாலும் அதே சிரிப்பு, கெட்டவங்க வந்தாலும் அதே சிரிப்பு. நாமதான் அம்மான்னு கூப்பிட்டு வெச்சிருக்கறோம்" என்றாள். பூவுக்குப் பத்து ரூபாய் அதிகமாகவே வாங்கிக்கொண்டாள். கொடுத்தேன், அந்தப் பதிலுக்கு அது தகும்.

அதன் பிறகு புளிசாதம். அறப்பளீசுவரர் தரிசனம். இந்தக் கோயிலில் மீனுக்கு விசேஷம்: பக்கத்து ஆற்று மீனைப் பிடித்து அறுத்துச் சமைத்தபோது, அது மறுபடி உயிர் பெற்றுத் துள்ளி நீந்திப் போயிற்று என்பது ஐதீகம். கொல்லுகிற மலையில் அறுத்த மீன் பிழைக்கிறது. இந்த ஊர்க் கணக்கே அலாதி!

கோயிலுக்குப் பக்கத்திலிருந்துதான் ஆகாய கங்கைக்குப் படி இறங்குகிறது. ஐயாறு முந்நூறு அடி உயரத்திலிருந்து விழுகிற அருவி. படிகள் ஆயிரத்துக்கு மேல். மணி இரண்டரை. மேலே வந்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும், "இப்பத்தான் போறீங்களா?" என்று எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பாதிப் படியில் என் முழங்கால் நின்றுவிட்டது. "நீ போய் அருவியை எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வா, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்" என்றேன். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு குதித்துக் குதித்து இறங்கினாள்.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். பள்ளத்தாக்கின் அடியிலிருந்து மஞ்சு ஏறி வந்தது. புகை மாதிரி மெல்ல வரும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை, அடுப்பில் பால் பொங்குவது போல வந்தது. எதிர்ப் பாறை போயிற்று. மரங்கள் போயின. கீழே இருந்த படிகள் ஒவ்வொன்றாக மறைந்து, கடைசியில் என் செருப்பே எனக்குத் தெரியவில்லை. அருவிச் சத்தம் மட்டும் இருந்தது. ஆனால் அது கீழேயிருந்து வரவில்லை. எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது.

அப்போது "சித்தி!" என்று ஒரு குரல்.

எனக்குப் பின்னாலிருந்து. மேலேயிருந்து. அவள் போனது கீழே!

இங்கே என் அமுச்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காட்டில் திகைப்பூண்டை மிதித்தவன் தெரிந்த வழியிலேயே சுற்றிச் சுற்றி வருவான் என்று கதை கதையாய்ச் சொல்வாள். இன்னொன்றும் சொல்லுவாள்: "ஆள் தெரியாத இருட்டுல யாரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் உடனே ஏன்னு கேக்காதே சாமி. மூணு தரம் கூப்பிட்டாத்தான் மனுசக் குரல்." நான் பட்டம் வாங்கினவள். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிறவள். எதிர்ப் பாறையில் பட்டுக் குரல் திரும்பும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"சித்தி..." இரண்டாவது தரம். இப்போது இடது பக்கம். கொஞ்சம் இளைத்த குரல்.

நான் மூன்றாவதற்காகக் காத்திருந்தேன், சகோதரிகளே. வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒரு நிமிஷமோ, இரண்டோ. அந்த நேரத்தில் அம்மனை நினைத்தேனா என்று கேட்டால், இல்லை. பாட்டி சொன்ன அந்தச் சிரிப்பைத்தான் நினைத்தேன்.

பிறகு என்னையறியாமல் அவள் பேரைச் சொல்லிக் கத்தினேன். "இங்கேதான் இருக்கிறேன்" என்று பதில் வந்தது, வெகு கிட்டத்தில். கம்பியைப் பிடித்துக்கொண்டு தடவித் தடவிப் பத்துப் படி இறங்கினேன். ஈரப்படியில் சறுக்கி, கணுக்கால் பிசகி, கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னும் அரையடி அந்தப் பக்கம் சறுக்கியிருந்தால் படியே கிடையாது, பள்ளம்தான். முகம் வெளுத்துப் போயிருந்தது. நான் அவளைக் கட்டிக்கொண்டேனா, அவள் என்னைக் கட்டிக்கொண்டாளா என்பது நினைவில்லை.

அந்த மலைக்காரப் பிள்ளைகள் இருவர் மஞ்சுக்குள்ளிருந்து சர்வ சாதாரணமாக ஏறி வந்தார்கள். "பயப்படாதீங்கக்கா, இது தினமும் வாரதுதான்" என்று சொல்லி, ஆளுக்கொரு தோளாக அவளைத் தாங்கிக்கொண்டு மேலே ஏற்றிவிட்டார்கள். கொடுத்த பணத்தை வாங்கவில்லை. மிச்சமிருந்த அதிரசத்தை மட்டும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள்.

கார் கீழே இறங்கத் தொடங்கியதும், காலை என் மடியில் நீட்டிக்கொண்டு அவள் கேட்டாள்: "நான் இரண்டு தடவை கூப்பிட்டேனே சித்தி, காதில் விழவில்லையா?"

விழவில்லை என்று சொல்லியிருக்கலாம். அருவிச் சத்தத்தின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். "விழுந்தது கண்ணு. மூன்றாவது தடவை கூப்பிடுவாய் என்று இருந்தேன்" என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளும் அமுச்சியின் பேத்தி மகள்தானே; புரிந்துகொண்டாள். பிறகு சிரித்தாள். கோபமா, வருத்தமா, கேலியா என்று அந்தச் சிரிப்பில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பி வளைவுகளை எண்ணத் தொடங்கினேன். நம்பர் பலகைகள் எதற்கு என்று அப்போதுதான் தெரிந்தது.

வீடு வந்து சேர நடு இரவாகிவிட்டது. காலுக்கு ஒத்தடம் கொடுத்துப் படுக்க வைத்தேன். "விளக்கை அணைத்துவிடு சித்தி, கண் கூசுகிறது" என்று சொல்லிவிட்டு, ஐந்தே நிமிஷத்தில் தூங்கிப் போனாள். அணைத்துவிட்டு வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை. எழுந்து போய் மறுபடி போட்டேன்.